நானோ துகள் சங்கிலியில் சுழல் அலை: 90 டிகிரியில் தெரியும் இடைவெளி நிஜமா?

கேள்வி: தனிச்சுழல்

பெர்மலாய் (நிக்கல்–இரும்புக் கலவை) கோளங்களை வரிசையாக வைத்து, மூமேக்ஸ்3 என்ற காந்தவியல் மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டுகிறேன். காந்தத் திசையின் ஆட்டம் கோளம் கோளமாகப் பரவும் சுழல் அலையைப் பார்ப்பதுதான் நோக்கம். கோளத்தின் விட்டம் 30 நானோமீட்டர், மையத்திலிருந்து மையத்துக்கு 35 நானோமீட்டர், மொத்தம் 64 கோளங்கள், நீள வாக்கில் சுழற்சி எல்லை (கடைசிக் கோளத்துக்கு அடுத்து மறுபடி முதல் கோளம்). செறிவுக் காந்தமாக்கம் மீட்டருக்கு 800 கிலோ ஆம்பியர், பரிமாற்ற மாறிலி மீட்டருக்கு 13 பிகோ ஜூல், டேம்பிங் (ஆட்டம் தணியும் அளவு) 0.001, செல் (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு பெட்டி) அளவு மூன்று திசையிலும் 2 நானோமீட்டர். வெளிப்புலம் இல்லை. எல்லாக் கோளங்களும் சங்கிலியின் நீள வாக்கிலேயே காந்தமாகி நிற்கின்றன. ஒரே ஒரு கோளத்துக்கு மட்டும் குறுக்குத் திசையில் 1 மில்லி டெஸ்லா சிங்க் துடிப்பு (ஒரு வெட்டு வரை எல்லா அதிர்வெண்ணையும் சமமாகத் தூண்டும் துடிப்பு) கொடுத்து, 50 நானோ விநாடி ஓடவிட்டு, நேரத்திலும் இடத்திலும் ஃபூரியர் மாற்றம் எடுக்கிறேன்.

வரும் பட்டை (அலை பரவக்கூடிய அதிர்வெண் வரம்பு) 5.3 கிகா ஹெர்ட்ஸில் தொடங்கி, பக்கத்துக் கோளங்களுக்கிடையிலான கட்ட வேறுபாடு 180 டிகிரியை எட்டும்போது 2.2-க்கு இறங்குகிறது. மூன்று சந்தேகங்கள்:

அலை எண் கூடக் கூட அதிர்வெண் குறைவது சரியா? அடுத்து, 90 டிகிரியில் 3.4 கிகா ஹெர்ட்ஸ் அருகே சுமார் 0.1 கிகா ஹெர்ட்ஸ் இடைவெளி விழுகிறது. அதோடு பட்டையின் மங்கலான நகல் ஒன்றும் 180 டிகிரி தள்ளித் தெரிகிறது. எல்லாம் ஒரே மாதிரிக் கோளங்கள் என்றால் இடைவெளி எங்கிருந்து வருகிறது? கடைசியாக, சுழற்சி எல்லையை எடுத்துவிட்டு முனைகளைத் திறந்துவிட்டால் 1.45 கிகா ஹெர்ட்ஸ் பக்கம் தட்டையாக ஒரு கோடு புதிதாக வருகிறது. இது கணக்கீட்டுப் பிழையா?

பதில் 1: இருமுனை

இறங்குமுகம் சரிதான். கையாலேயே சரிபார்த்துவிடலாம். சீராகக் காந்தமான கோளம் தனக்கு வெளியே உண்டாக்கும் புலம் அச்சு அசலாக ஒரு புள்ளி இருமுனையின் (புள்ளியளவுச் சிறு காந்தத்தின்) புலம். அந்தப் புலத்தை இன்னொரு கோளத்தின் கன அளவு முழுக்கச் சராசரி எடுத்தாலும் அதன் மையத்தில் உள்ள மதிப்பே கிடைக்கும். எனவே கோளங்களுக்கு இருமுனைக் கூட்டல் என்பது தோராயம் அல்ல. ஒவ்வொரு கோளமும் ஒரே சுழலாக (உள்ளே எல்லா இடத்திலும் காந்தத் திசை ஒன்றாக) நடந்துகொள்ளும்வரை அது துல்லியமானது. பெர்மலாய்க்கு அந்த எல்லை சுமார் 40 நானோமீட்டர் விட்டம். உங்கள் 30 அதற்குள் அடங்குகிறது. தட்டு, கனசதுரம் என்று போனால் இந்தச் சலுகை கிடையாது.

கணக்கு இப்படி. இணைப்புப் புலம் என்று ஒன்றை வைத்துக்கொள்வோம்: செறிவுக் காந்தப்புலம் 1.005 டெஸ்லாவை (விட்டம் ÷ மையதூரம்)-இன் மும்மடியால் பெருக்கி 24-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் அளவுகளுக்கு 26.4 மில்லி டெஸ்லா வருகிறது. நீள வாக்கில் நிற்கும் அயல் கோளங்கள் எல்லாம் சேர்ந்து தரும் நிலைப்புலம் இதைப்போல 4.808 மடங்கு. இதில் 4.808 என்பது 1 + 1/8 + 1/27 + … என்ற தொடரின் நான்கு மடங்கு. ஆடும் குறுக்குக் கூறுகள் தருவது 2 × [கொசைன்(கட்டம்) + கொசைன்(2 × கட்டம்)/8 + கொசைன்(3 × கட்டம்)/27 + …] மடங்கு. இரண்டையும் கூட்டி, இணைப்புப் புலத்தாலும் டெஸ்லாவுக்கு 28 கிகா ஹெர்ட்ஸாலும் பெருக்கினால் அதிர்வெண்.

கட்டம் 0-இல் மொத்தம் 7.212 மடங்கு, அதாவது 5.33 கிகா ஹெர்ட்ஸ். 180-இல் 3.005 மடங்கு, 2.22 கிகா ஹெர்ட்ஸ். உங்கள் எண்களோடு ஒத்துப்போகிறது. காரணமும் இதிலேயே இருக்கிறது. எல்லாக் கோளங்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் அவற்றின் குறுக்குக் கூறுகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று தள்ளும், ஆற்றல் கூடும். ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஆற்றல் குறையும். ஆகவே இது பின்னோக்கு அலை: ஆற்றல் ஒரு பக்கம் போகும், கட்ட முகப்பு எதிர்ப்பக்கம் நகரும்.

இரண்டு எச்சரிக்கைகள். பக்கத்துக் கோளத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் பட்டை 4.43 முதல் 1.48 வரை என்று வரும். மேல் முனையில் 17%, கீழ் முனையில் 33% குறைவு. நீண்ட தூர இருமுனைக் கூட்டலைப் பக்கத்துக் கோளத்தோடு வெட்டக் கூடாது, பத்துப் பதினைந்து அயலார் வரை கூட்டுங்கள். அடுத்தது, கட்டம் 0-க்கு அருகில் வளைவு சாதாரணப் பரவளையம் இல்லை. கட்டத்தின் வர்க்கத்தோடு கட்டத்தின் மடக்கையும் பெருக்கலாக வந்து சேர்கிறது. பரவளையத்தைப் பொருத்திப் பார்த்து எண் எடுப்பவர்களுக்குப் பொருத்தும் எல்லையை மாற்றும்போதெல்லாம் வேறு வேறு விடை வருவதற்கு இதுதான் காரணம்.

பதில் 2: செல்_எண்ணி

90 டிகிரி இடைவெளி நிஜம் இல்லை, உங்கள் கட்டவலை உண்டாக்கியது. 35-ஐ 2-ஆல் வகுத்தால் 17.5 செல். ஒரு கோளத்தின் மையம் செல்லின் நடுவில் விழுந்தால் அடுத்தது செல்லின் முகத்தில் விழும். இப்படி மாறி மாறி இரண்டு வகைக் கோளங்கள் உருவாகிவிட்டன. நீங்கள் 35 நானோமீட்டர் கொடுத்ததாக நினைக்கிறீர்கள், சிமுலேஷனைப் பொறுத்தவரை மீள்தூரம் 70. மங்கலான நகல் தெரிவதும் இதனால்தான்.

எவ்வளவு வித்தியாசம் என்று செல்களை எண்ணிப் பார்க்கலாம். ஆரம் 7.5 செல். குறுக்கு இரண்டு திசையிலும் மையம் செல் முகத்தில் இருக்கிறது என்று கொள்வோம். நீள வாக்கிலும் மையம் முகத்தில் விழும் கோளத்தில் 1736 செல்கள். நீள வாக்கில் செல்லின் நடுவில் விழும் கோளத்தில் 1740. வெறும் 4 செல் வித்தியாசம், 0.23%. திருப்புத்திறன் (கோளத்தின் மொத்தக் காந்த வலு) வித்தியாசத்தால் மட்டும் 90 டிகிரியில் திறக்கும் இடைவெளி சுமார் 2.8 கிகா ஹெர்ட்ஸ் × அந்த விகிதம், அதாவது 7 மெகா ஹெர்ட்ஸ்கூட வராது. பலர் இந்த இடத்தில் “கன அளவு சரியாகத்தானே இருக்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள்.

வினை வடிவத்தில் இருக்கிறது. முதல் வகை மூன்று திசையிலும் 14 செல் நீளம், சமச்சீரானது. இரண்டாம் வகை நீள வாக்கில் 15 செல், குறுக்கே 14. சராசரிப் பரவலைக் கணக்கிட்டால் அந்தக் கோளம் நீள வாக்கில் ஏறக்குறைய 1% நீண்டிருக்கிறது. 1% நீட்சிக்கு காந்தநீக்கக் காரணிகளின் (வடிவத்தால் உள்ளே எழும் எதிர்ப்புலத்தின் அளவு) வித்தியாசம் 0.004. அதை 1.005 டெஸ்லாவால் பெருக்கினால் 4 மில்லி டெஸ்லா. 28-ஆல் பெருக்கினால் 0.11 கிகா ஹெர்ட்ஸ். உங்கள் இடைவெளி இதுவேதான்.

உறுதி செய்ய வேண்டுமா? இடைவெளியின் இரு ஓரங்களிலும் உள்ள முறைகளை எடுத்துக் கோளம் கோளமாக வீச்சை வரைந்து பாருங்கள். 90 டிகிரியில் அமைப்பு 1, 0, −1, 0 என்று போகும். ஒன்றுவிட்டு ஒன்று அசையாமல் நிற்கும். மேல் ஓரத்தில் ஆடுபவை எல்லாம் 15 செல் கோளங்களாகவும், கீழ் ஓரத்தில் ஆடுபவை எல்லாம் 14 செல் கோளங்களாகவும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

தீர்வு: செல்லை 1.25 நானோமீட்டராக்குங்கள். விட்டம் 24 செல், மையதூரம் 28 செல், நடுவில் 4 செல் காலி. 64 கோளத்துக்கு 1792 செல். 2-இன் எட்டாம் அடுக்கு × 7 என்பதால் ஃபூரியர் மாற்றமும் வேகமாக ஓடும். குறுக்கே 32 × 32 போதும். மொத்தம் 18 லட்சம் செல், சாதாரண கிராஃபிக்ஸ் அட்டையே தாங்கும். எல்லா மையங்களும் மூன்று திசையிலும் செல் முகத்திலேயே விழுமாறு முதல் கோளத்தை வையுங்கள். அப்போது படிக்கட்டு விளிம்பு இருந்தாலும் எல்லாக் கோளத்துக்கும் ஒரே படிக்கட்டு, அதுவும் மூன்று அச்சிலும் சமச்சீரானது. வடிவ அச்சு முளைக்காது.

எட்ஜ்ஸ்மூத்தை (மூமேக்ஸ்3-இன் விளிம்பு மழுக்கும் அமைப்பு) 8-இல் வைப்பதும் நல்லது. விளிம்புச் செல்லில் கோளம் எவ்வளவு நிரம்புகிறதோ அந்த அளவுக்கு அங்கே காந்தமாக்கம் குறைக்கப்படும், மொத்தத் திருப்புத்திறனும் சரியாகும் (உங்கள் 1740 செல் உண்மைக் கன அளவில் 98.5% மட்டுமே). ஆனால் விளிம்பை மழுக்கியாயிற்று என்று 17.5 செல்லிலேயே தொடராதீர்கள். இடைவெளி சுருங்கும், மறையாது. மையதூரம் முழு எண் செல்லாக இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

பரிமாற்ற நீளம் (காந்தத் திசை வளையத் தேவையான தூரத்தின் அளவு) 5.7 நானோமீட்டர் என்பதால் 2 நானோமீட்டர் செல் போதும் என்று பலர் முடிவு கட்டுவது வழக்கம். அது கோளத்துக்குள் காந்தமாக்கம் வளைவதைப் பிடிக்கப் போதுமான அளவு. கோளத்தின் வடிவத்தைப் பிடிக்க அது அளவுகோல் அல்ல.

பதில் 3: ஓரக்கோளம்

மூன்றாவது சந்தேகத்துக்கு: 1.45 கோடு நிஜமானது, தூக்கி எறியாதீர்கள். நடுவில் இருக்கும் கோளத்துக்கு இரு பக்கத்திலிருந்தும் நிலைப்புலம் கிடைக்கிறது, 4.808 மடங்கு. முனைக் கோளத்துக்கு ஒரு பக்கம்தான், 2.404 மடங்கு. அதன் சொந்த அதிர்வெண்ணே 1.78 கிகா ஹெர்ட்ஸ். பட்டையின் அடியே 2.22 என்பதால் அதனால் உள்ளே பரவ முடியாது. அடுத்த கோளத்தோடு உள்ள இணைப்பு அதை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி 1.4–1.5-க்குக் கொண்டுவந்து விடுகிறது. இரண்டாம் கோளத்தில் வீச்சு பாதியாகி எதிர்க்குறியில் இருக்கும், மூன்றாவதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. நாலைந்து கோளத்துக்குள் அடங்கிவிடும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் ஃபூரியர் படத்தில் எல்லா அலை எண்ணிலும் பரந்து தட்டையாகத் தெரிகிறது.

முனையில் ஆண்டெனா வைத்து அலை அனுப்ப நினைப்பவர்களுக்கு இது முக்கியம். முனைக் கோளம் பட்டையோடு ஒத்திசையாததால், அங்கே கொடுக்கும் ஆற்றலில் பெரும் பகுதி அங்கேயே தங்கிவிடும். ஐந்தாறு கோளம் உள்ளே தள்ளித் தூண்டுங்கள்.

அளவெடுக்கும் முறையைப் பற்றியும் சில வார்த்தை. பட்டையைப் பார்க்க மட்டும் என்றால் சுழற்சி எல்லை சரி. அலை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் கூடாது, ஒரு பக்கம் போன அலை மறுபக்கம் திரும்பி வந்து குறுக்கிடும். திறந்த சங்கிலி எடுத்து, இரு முனைகளிலும் 10–15 கோளங்களில் டேம்பிங்கைப் படிப்படியாக 0.5 வரை ஏற்றுங்கள். ஒரே தாவலில் ஏற்றினால் அந்தத் தாவலே கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பிவிடும்.

ஒவ்வொரு கோளத்தையும் ஒரு தனிப் பகுதியாக அறிவித்து அதன் சராசரியை மட்டும் எழுதுங்கள். மூமேக்ஸ்3-இல் 256 பகுதிகள் வரை இடம் உண்டு, 64 கோளத்துக்குத் தாராளம். செல் வாரியாக எழுதினால் கோப்பு பெருத்துப் போவதோடு, கோளத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள மாற்றம் உயர் அலை எண்களில் போலி நகல்களை அள்ளிக் கொட்டும். 25 பிகோ விநாடிக்கு ஒரு மாதிரி எடுத்தால் 20 கிகா ஹெர்ட்ஸ் வரை தெரியும். சிங்க் துடிப்பின் வெட்டை 10-இல் வையுங்கள். 50 நானோ விநாடி ஓட்டத்துக்குப் பிரிதிறன் 20 மெகா ஹெர்ட்ஸ், ஹான் சாளரம் (தரவின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் பெருக்கி) போட்டால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 0.1 கிகா ஹெர்ட்ஸ் இடைவெளி பார்க்க இது போதும். திருத்திய பிறகு மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று தேட 200 நானோ விநாடியாவது ஓட்டி, டேம்பிங்கை 0.0005-க்கு இறக்குங்கள்.

குறுக்குக் கூறுகள் இரண்டையும் தனித்தனியாக மாற்றம் செய்யாமல், ஒன்றை மெய்ப்பகுதியாகவும் மற்றதைக் கற்பனைப் பகுதியாகவும் வைத்து ஒரே சிக்கலெண்ணாகக் கொடுத்தால் சுழலும் திசை தெரியும். இந்தச் சங்கிலியில் சுழற்சி முழு வட்டம். ஆகவே நேர் அதிர்வெண், எதிர் அதிர்வெண் இரண்டில் ஒன்றில் மட்டுமே சிக்னல் இருக்க வேண்டும். மறுபக்கமும் கசிந்தால் ஏதோ ஒரு கோளத்தின் குறுக்கு வெட்டு வட்டமாக இல்லை என்று அர்த்தம்.

தொடர் கேள்வி: தனிச்சுழல்

1.25 நானோமீட்டர் செல்லுக்கு மாற்றியதும் இடைவெளியும் நகலும் மறைந்துவிட்டன, மிக்க நன்றி. இன்னும் இரண்டு: டேம்பிங் 0.01 இருந்தால் அலை எத்தனை கோளம் தாண்டும்? புலத்தைச் சங்கிலிக்குக் குறுக்கே போட்டால் என்ன மாறும்?

பதில் 4: இருமுனை

கட்டம் 60 டிகிரியில் குழு வேகம் (ஆற்றல் நகரும் வேகம்) உச்சம், உங்கள் அளவுகளுக்கு விநாடிக்கு சுமார் 330 மீட்டர். அங்கே அதிர்வெண் 4.14 கிகா ஹெர்ட்ஸ். டேம்பிங் 0.01 என்றால் ஆயுள் 3.8 நானோ விநாடி. பெருக்கினால் 1.27 மைக்ரோமீட்டர், 36 கோளம் தாண்டும்போது வீச்சு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். வெளிப்புலம் இல்லாதபோது இந்த 36 என்பது விட்டத்தையோ மையதூரத்தையோ சார்ந்தது அல்ல. வேகமும் அதிர்வெண்ணும் ஒரே இணைப்புப் புலத்தால் பெருகுவதால் அது அடிபட்டுப்போகிறது, டேம்பிங் மட்டுமே மிஞ்சுகிறது. கோளங்களை நெருக்கினால் கூடுதல் கோளம் தாண்டும் என்ற நம்பிக்கை வீண்.

நீள வாக்கில் புலம் சேர்த்தால் நிலைமை மோசமாகும். 100 மில்லி டெஸ்லா கொடுத்தால் பட்டை முழுவதும் 2.8 கிகா ஹெர்ட்ஸ் மேலே நகரும், அகலமும் வேகமும் மாறாது, ஆயுள் குறையும், 36 என்பது 22-க்குக் கீழே வந்துவிடும். அமைப்பு நிலையாக நிற்கட்டும் என்று பெரிய புலம் வைத்து ஓட்டுவது இந்தச் சங்கிலிக்குப் பொருந்தாத பழக்கம்.

குறுக்கே புலம் போட்டால் எல்லாம் தலைகீழ். முதலில் புலம் 190 மில்லி டெஸ்லாவைத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே கோளங்கள் நீள வாக்குக்கே சாய்ந்துவிடும், கட்டம் 0 முறையின் அதிர்வெண் அந்தப் புலத்தில் பூஜ்யத்தைத் தொடும். 300-இல் வைத்தால் கட்டம் 0-இல் 5.08, 180-இல் 7.01 கிகா ஹெர்ட்ஸ். ஏறுமுகம், முன்னோக்கு அலை. இப்போது நீள வாக்கில் ஆடும் கூறுதான் ஆதிக்கம் செலுத்துகிறது. அதற்கு அயலார் ஒரே பக்கம் சாய்வது ஆற்றலைக் குறைக்கும். சுழற்சியும் நீள்வட்டமாகிவிடுகிறது, எனவே மேலே சொன்ன ஒருபக்கச் சிக்னல் சோதனையை இங்கே பயன்படுத்தாதீர்கள்.

பதில் 5: மேசைக்காந்தம்

ஆய்வகத்தில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. விட்டத்தில் 5% சிதறல் என்றால் திருப்புத்திறனில் 15%. இரு பக்கத்து அயலார் மட்டுமே கோளத்தின் நிலைப்புலத்தை ஏறத்தாழ 0.3 கிகா ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏற்ற இறக்கமாக்கிவிடுவார்கள். பட்டை அகலம் 3.1. இதில் பத்தில் ஒரு பங்கு ஒழுங்கின்மை என்பது ஒற்றைப் பரிமாணத்தில் சாதாரணம் இல்லை. பட்டையின் ஓரங்களில் அலைகள் சில கோளங்களுக்குள்ளேயே சிறைப்படும், நடுப்பகுதிதான் ஓரளவு தாங்கும்.

பெர்மலாய்க்குப் படிக அச்சு விருப்பம் அநேகமாக இல்லை என்பது இங்கே பெரிய வரம். மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) எடுத்தால் படிகப் புலம் 45 மில்லி டெஸ்லா அளவில் வரும். அதே வடிவமைப்புக்கு இணைப்புப் புலமோ 16 மட்டுமே. துகள்களின் படிக அச்சுகள் தாறுமாறாகக் கிடந்தால் பட்டை என்று சொல்லவே ஒன்றும் மிஞ்சாது. காந்த பாக்டீரியாக்களின் மேக்னடோசோம் (உடலுக்குள் வளரும் காந்தப் படிகம்) சங்கிலி தப்பிக்கும் வழி இதுதான்: மேக்னடோஸ்பைரில்லம் இனத்தில் படிகங்களின் எளிய அச்சு, அதாவது கனசதுரத்தின் மூலைவிட்ட அச்சு, சங்கிலியோடு சேர்ந்தே அமைகிறது.

துகளைச் சிறிதாக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். விட்டம்–மையதூர விகிதம் மாறாவிட்டால் அதிர்வெண் அப்படியே இருக்கும், ஆனால் இணைப்பு ஆற்றல் விட்டத்தின் மும்மடியாகச் சரியும். 30 நானோமீட்டருக்கு அது அறை வெப்ப ஆற்றலைப்போல 72 மடங்கு, 10 நானோமீட்டருக்கு 3 மடங்குகூட இல்லை. சங்கிலி நேராகக் காந்தமாகி நிற்கவே நிற்காது.

அளவெடுப்பதில் இன்னொரு தடை. பிரிலுவான் ஒளிச்சிதறலில் (சுழல் அலையில் பட்டுச் சிதறும் ஒளியை அளக்கும் முறை) 532 நானோமீட்டர் லேசரைப் பின்சிதறலில் வைத்தால் எட்டக்கூடிய அதிகபட்ச அலை எண் மைக்ரோமீட்டருக்கு 23.6 ரேடியன். 35 நானோமீட்டர் சங்கிலியின் மண்டல ஓரம், அதாவது கட்டம் 180 டிகிரி, 90-இல் இருக்கிறது. கட்டம் 47 டிகிரிக்கு மேல் ஒன்றும் தெரியாது, வேக உச்சமான 60-கூடக் கைக்கெட்டாது. ஓரம் வரை பார்க்க மையதூரம் 133 நானோமீட்டராவது வேண்டும். அந்த அளவில் பெர்மலாய் கோளம் ஒற்றைச் சுழலாக நிற்காமல் சுழிப்பு நிலைக்கு (காந்தத் திசை உள்ளே வட்டமாகச் சுற்றும் நிலை) போய்விடும் என்பதால் லித்தோகிராஃபியில் செய்த மெல்லிய தட்டுகளே வழி. அதற்கு மேலே சொன்ன இருமுனைச் சூத்திரம் செல்லாது, தட்டுக்குத் தட்டு உள்ள இணைப்பை முழு சிமுலேஷனில்தான் எடுக்க வேண்டும். அங்கேயும் மையதூரம் முழு எண் செல் என்ற விதியை மறக்காதீர்கள்.